ஒரு கதை எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது?

ஒரு சிறுகதையைப் படித்து முடிக்கிறீர்கள். மனசு கனத்துப்போகிறது. பக்கத்தில் இருப்பவர், "அப்படி என்னதான் இருக்கிறது அதில்?" என்று கேட்கிறார். நீங்கள் நடந்ததைச் சொல்லத் தொடங்குகிறீர்கள். சொல்லி முடித்ததும் உங்களுக்கே சப்பென்று ஆகிவிடுகிறது. உங்களை உலுக்கிய எதுவும் அந்தச் சுருக்கத்தில் வரவில்லை.

வீட்டில் மேல்நிலை வகுப்பில் படிக்கும் பிள்ளை இருந்தால் இதே சங்கடம் வேறு வடிவில் வரும். "பாத்திரப் படைப்பை விளக்குக" என்று கேள்வி இருக்கும். பிள்ளை கதைச் சுருக்கத்தை ஒன்றரைப் பக்கம் எழுதி வைத்திருக்கும். மதிப்பெண் குறைந்திருக்கும். ஏன் குறைந்தது என்று நமக்கும் சொல்லத் தெரியாது.

இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். கதையின் உறுப்புகளும் உத்திகளும் என்ன வேலை செய்கின்றன என்று தெரிந்துகொள்வது.

உறுப்பு எது, உத்தி எது? எந்தக் கதையிலும் இருந்தே தீரவேண்டியது உறுப்பு. யாருக்கு நடக்கிறது, எங்கே, எப்போது, என்ன நடக்கிறது, அதை யார் சொல்கிறார், மொத்தத்தில் எதைப் பற்றி. இவை இல்லாமல் கதை இல்லை. உத்தி என்பது எழுத்தாளர் தேவைப்பட்டால் எடுத்துக் கையாளும் முறை. உவமை ஒன்றுகூட இல்லாத நல்ல கதை இருக்கிறது. ஆள் இல்லாத கதை இல்லை.

பெயர்களை எல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டுமா? வேண்டாம். ஒரே ஒரு பழக்கம் போதும். கதையில் ஏதாவது ஒன்றை மனசுக்குள் மாற்றிப் பாருங்கள். கதை சொல்பவரை மாற்றுங்கள், ஊரை மாற்றுங்கள், முடிவை முன்னால் கொண்டுவாருங்கள். மாற்றியும் கதை அப்படியே நின்றால் அது முக்கியமில்லை. மாற்றியதும் கதை சரிந்தால், எழுத்தாளர் அந்த இடத்தில்தான் கையை வைத்திருக்கிறார் என்று அர்த்தம்.

இதைப் பழக வெளியூர் போகவேண்டியதில்லை. நீங்கள் கடலூர் மாவட்டத்துக் குடிகாட்டில் இருக்கிறீர்கள் என்று வையுங்கள். வடக்கே கொஞ்ச தூரத்தில் கடலூர். அங்கே திருப்பாதிரிப்புலியூரில் 1906-இல் பிறந்தவர் புதுமைப்பித்தன். மஞ்சக்குப்பத்தில் 1934-இல் பிறந்தவர் ஜெயகாந்தன். தெற்கே சிதம்பரத்தில் தம் வாழ்வின் பிற்பாதியைக் கழித்து 1985-இல் மறைந்தவர் மௌனி. மேற்கே விருத்தாசலம் பக்கம் கண்மணி குணசேகரனும் இமையமும். தமிழ்க் கதையின் பெரும் ஆசான்கள் இப்படி ஒரே மாவட்டத்தில் கூடியிருப்பது அபூர்வம். உதாரணங்களை எல்லாம் இவர்களிடமிருந்தே எடுக்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கதையும் கதைப்பின்னலும் ஒன்றா? இல்லை. நடந்தவை நடந்த வரிசையில் இருந்தால் அது நிகழ்ச்சிக் கோவை. எதை முதலில் சொல்வது, எதை மறைத்து வைப்பது, எதைச் சொல்லாமலே விடுவது என்று எழுத்தாளர் அடுக்கும் வரிசைதான் கதைப்பின்னல் (நிகழ்ச்சிகளைக் காரணத்தோடு கோத்துச் சொல்லும் அமைப்பு).

புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்' இதற்கு நல்ல சான்று. சென்னையில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பிரமநாயகம் பிள்ளை, நோயில் கிடக்கும் மனைவி செல்லம்மாள், துணைக்கு யாரும் இல்லாத வீடு. கதை தொடங்கும்போதே செல்லம்மாள் இறந்துவிடுகிறாள். அதற்குப் பிறகுதான் எழுத்தாளர் பின்னோக்கிப் போய் அவளுடைய கடைசி நாட்களைச் சொல்கிறார். இந்த உத்திக்குப் பின்னோக்கு (நடந்து முடிந்ததை இடையில் சொல்லுதல்) என்று பெயர்.

மாற்றிப் பார்ப்போம். சாவைக் கடைசியில் வைத்தால் என்ன ஆகும்? "பிழைப்பாளா, மாட்டாளா?" என்ற பதைப்பில் நாம் பக்கங்களைத் தள்ளிக்கொண்டு போவோம். சாவை முதலிலேயே சொல்லிவிட்டதால் அந்தப் பதைப்புக்கு இடமில்லை. அவர் வைத்தியரைத் தேடுவது, அடுப்பு மூட்டுவது, அவள் எதையோ கேட்பது என்று ஒவ்வொன்றும் கண்ணில் நின்று நின்று போகிறது. முடிவு தெரிந்தால் சுவாரஸ்யம் போய்விடும் என்று நாம் நினைப்போம். இங்கே முடிவு தெரிந்ததால்தான் கதையே இருக்கிறது.

அடுத்து, கதைமாந்தர். நல்லவரா கெட்டவரா என்று முடிவு கட்டுவதுதான் பாத்திர ஆய்வு என்று பலர் நினைக்கிறார்கள். பள்ளி விடைகளில் "இவர் இரக்க குணம் உடையவர், பொறுமைசாலி" என்று குணங்களின் பட்டியல் வருவது அதனால்தான். கதையில் ஒரு மனிதரை நமக்குக் காட்டிக்கொடுப்பது அவருடைய குணப்பட்டியல் இல்லை. நெருக்கடி வரும் நேரத்தில் அவர் எடுக்கும் முடிவு. அதைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

இதைச் சொல்ல ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேச'த்தைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது. 1966-இல் ஆனந்த விகடனில் வந்தது. மழை கொட்டும் மாலையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஏழைக் கல்லூரிப் பெண்ணை ஒருவன் காரில் ஏற்றிக்கொள்கிறான். அந்தக் காரில் அவள் கெடுக்கப்படுகிறாள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லி அழுகிறாள். அம்மா முதலில் அவளை அடிக்கிறாள். அக்கம்பக்கத்தார் என்னவென்று விசாரிக்கும்போது, மழையில் நனைந்துகொண்டு வந்ததற்காகத் திட்டினேன் என்று சமாளித்துவிடுகிறாள். பிறகு மகளை உட்காரவைத்துத் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள்.

இந்தக் கதை எந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது? கார், மழை, அந்த மனிதன் எல்லாம் தேவைதான். ஆனால் அக்கம்பக்கத்தார் கேட்ட அந்த ஒரு விநாடியில் அம்மா வாயில் என்ன வருகிறது என்பதுதான் மையம். அவள் கதறியிருந்தால்?

அந்தக் கேள்வியை ஜெயகாந்தனே கேட்டார். சிறுகதை பெரும் சர்ச்சையைக் கிளப்பிய பிறகு, அம்மா அப்படிச் சமாளிக்காமல் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று ஒரு நாவலே எழுதினார். தினமணி கதிரில் 'காலங்கள் மாறும்' என்று தொடராக வந்து, 1970-இல் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்ற பெயரில் புத்தகமானது. 1972-இல் சாகித்திய அகாதெமி பரிசும் பெற்றது. நாவலில் அம்மா கதறுகிறாள், ஊருக்குத் தெரிகிறது, அண்ணன் தங்கையை வீட்டைவிட்டுத் துரத்துகிறான். கங்கா என்ற அந்தப் பெண் மாமாவின் தயவில் படித்து, வேலைக்குப் போய், அந்த மாமாவின் பார்வையிலிருந்தே தன்னைக் காத்துக்கொண்டு, பல வருடம் கழித்து அந்தக் கார்க்காரனைத் தேடிப் போகிறாள்.

ஒருத்தியின் ஒரு நிமிஷ முடிவு மாறியது. பத்து பதினைந்து பக்கச் சிறுகதை ஒரு முழு நாவலாகிவிட்டது. முடிவு எடுத்தவள் அம்மா, விலை கொடுத்தவள் மகள். இனி 'பாத்திரப் படைப்பை விளக்குக' என்ற கேள்வி வந்தால் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: இவர் எங்கே, எதைத் தேர்ந்தெடுத்தார்? வேறொன்றைத் தேர்ந்தெடுத்திருந்தால் கதை எங்கே போயிருக்கும்?

இதே இரண்டு படைப்புகளில் இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. சிறுகதையை வெளியே நின்று ஒருவர் சொல்கிறார். நாவலில் கங்காவே 'நான்' என்று பேசுகிறாள். இதற்கு நோக்குநிலை (யாருடைய கண் வழியாகக் கதை தெரிகிறது என்பது) என்று பெயர். வெளியே நின்று சொல்லும்போது அம்மாவையும் மகளையும் ஒரே தூரத்தில் பார்க்கிறோம். கங்கா பேசும்போது அவள் கோபம், அவள் நியாயம், அவள் தனிமை நமக்குள் நேராக இறங்குகிறது. கூடவே ஒரு எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. 'நான்' என்று பேசுகிறவர் தனக்குத் தெரிந்ததை, தனக்குத் தோன்றியதை மட்டும்தான் சொல்கிறார். அது முழு உண்மை என்று நாம் எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

இந்தப் பழக்கம் கதைக்கு வெளியேயும் கைகொடுக்கும். ஒரு குடும்பச் சண்டையை ஒருவர் வாயால் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லக் கிளம்பும் முன், இதை அடுத்தவர் சொன்னால் எங்கிருந்து தொடங்குவார் என்று யோசிக்கத் தோன்றும். செய்தி படிக்கும்போதும் அப்படித்தான். ஒரு சம்பவத்தை ஆலை நிர்வாகம் சொல்வதும், அந்த ஆலைக்குப் பக்கத்துத் தெருக்காரர் சொல்வதும் வேறு வேறு இடத்தில் தொடங்கும்.

மோதல் என்றால் அடிதடியா? இல்லை. ஒருவர் ஒன்றை விரும்புகிறார், ஏதோ ஒன்று தடுக்கிறது. அதுதான் மோதல். தடுப்பது இன்னொரு ஆளாக இருக்கலாம், ஊராக இருக்கலாம், அவர் மனசாகவும் இருக்கலாம். புதுமைப்பித்தனின் 'மனித யந்திர'த்தில் வில்லனே கிடையாது. காலமெல்லாம் ஒரு கடையில் கணக்கு எழுதிய மீனாட்சிசுந்தரம் பிள்ளை, ஒரு இரவு கல்லாப் பணத்தோடு கொழும்புக்குக் கப்பலேறிவிட நினைக்கிறார். ரயில் வரை போகிறார், திரும்பி வருகிறார், பணத்தை வைத்துவிட்டுச் சிறு தொகையைத் தம் பற்றில் எழுதுகிறார். வெளியே எதுவும் நடக்கவில்லை. உள்ளே ஒரு மனிதர் தம் வாழ்க்கை முழுவதோடும் மோதித் தோற்றிருக்கிறார்.

களம் (கதை நடக்கும் இடமும் காலமும்) பற்றி அதிகம் சொல்லவேண்டும். அதை நாம் வர்ணனை என்று தாண்டிப் போய்விடுகிறோம். தமிழில் இது மிகப் பழைய அறிவு. தொல்காப்பியம் பாட்டின் பொருளை மூன்றாகப் பிரிக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்தின் மரம், பறவை, உணவு, தொழில், தெய்வம் போன்றவை கருப்பொருள். அந்த இடத்துக்கு உரிய மன நிலை உரிப்பொருள். இடமும் உணர்வும் ஒன்றோடொன்று பின்னியவை என்பதுதான் இதன் சாரம். ஒன்றைக் கவனத்தில் வையுங்கள்: இன்று பேச்சில் கதையின் மையக் கருத்தையும் கருப்பொருள் என்கிறார்கள். தேர்வில் இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். கதையின் மையத்தைக் கதைக்கரு என்று எழுதுங்கள்.

ஜெயகாந்தனின் 'யுகசந்தி' கடலூரில் நடக்கிறது. நெய்வேலியிலிருந்து வந்து பஸ்ஸை விட்டு இறங்கும் கௌரிப் பாட்டி வெயிலில் நடக்கிறாள். வழியில் கெடிலம். சின்ன வயதிலேயே கணவனை இழந்து, தலையை மழித்துக்கொண்டு வாழ்ந்தவள். அவளுடைய பேத்தி கீதாவும் இளம் விதவை. நெய்வேலியில் ஆசிரியை. கீதா மறுமணம் செய்துகொள்ளப் போவதாகக் கடிதம் எழுதியிருக்கிறாள். பாட்டியின் மகனோ மகளைத் தலைமுழுகத் தயாராகிறார். ஆசாரத்தின் உருவமாக நாம் நினைத்த பாட்டி பேத்தியோடு இருக்க நெய்வேலிக்கே திரும்புகிறாள்.

இதை வேறு ஊர்களுக்கு மாற்றிப் பாருங்கள். கடலூர் பழைய ஊர், பழைய தெரு, உறவுக்காரர்களின் கண். நெய்வேலி அப்போதுதான் நிலக்கரிச் சுரங்கத்தோடு முளைத்த ஊர். 1956-இல் நிறுவனம் தொடங்கிய பிறகு எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் குடியேறிய இடம். அங்கே யாருக்கும் யாருடைய பழங்கதையும் தெரியாது. ஒரு இளம் விதவை அங்கே வேலை பார்த்துத் தனியாக வாழ முடியும். இரண்டு ஊர்களுக்கு நடுவே ஓடும் பஸ், இரண்டு காலங்களுக்கு நடுவே ஓடுகிறது. தலைப்பே அதைத்தான் சொல்கிறது. இரண்டு ஊரையும் தெரிந்த கடலூர் வாசகருக்கு இது சட்டென்று பிடிபடும். அந்த அனுகூலத்தை விட்டுவிடாதீர்கள்.

இமையத்தின் 'செல்லாத பண'மும் இந்தப் பக்கத்து மக்களுக்குத் தெரிந்த இடத்தில்தான் நடக்கிறது: புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் தீக்காயப் பிரிவு. உள்ளே மகள் ரேவதி. வெளியே காத்திருக்கும் அப்பா, அம்மா, உறவுகள். மருத்துவமனை வராந்தாவில் காத்திருப்பவர்களுக்குப் பேசுவதைத் தவிர வேறு வேலை இல்லை. நாவல் பெரும்பாலும் உரையாடலாகவே நகர்வதற்கு அந்தக் களமே காரணம். அப்பாவிடம் பணம் இருக்கிறது, அது எதையும் வாங்கவில்லை. 2020-க்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல் இது.

இப்போது உங்கள் ஊரிலேயே ஒரு பயிற்சி. குடிகாடு சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய ஊர். உப்பனாறு, கடலூர்-சிதம்பரம் சாலை, ராத்திரியில் வரும் ரசாயன வாடை. "ஊரில் வாடை அடித்தது" என்று எழுதினால் அது தகவல். தூங்கும் குழந்தைக்குக் காற்று வேண்டுமே என்று ஜன்னலைத் திறந்த அம்மா, வாடை வந்ததும் எழுந்து மூடுகிறாள் என்று எழுதுங்கள். களம் செயலாகிவிட்டது. அந்த வீட்டு மூத்த மகன் அதே தொழிற்பேட்டையில் ராத்திரி ஷிப்டுக்குப் போகிறான் என்று சேருங்கள். சோறு வரும் திசையிலிருந்தே மூச்சு முட்டலும் வருகிறது. மோதல் வந்துவிட்டது. இதை அம்மாவின் கண்ணால் எழுதுவதா, மகன் கண்ணால் எழுதுவதா, குழந்தையின் கண்ணாலா? மூன்று விதமாகவும் அரைப் பக்கம் எழுதிப் பாருங்கள். நோக்குநிலை பற்றி எந்தப் புத்தகமும் இதைவிட நன்றாகச் சொல்லித் தராது.

பேச்சுமொழியில் எழுதலாமா என்று ஒரு தயக்கம் பலருக்கு இருக்கிறது. தாராளமாக எழுதலாம், பாத்திரம் பேசும் இடத்தில் அதுதான் சரி. விருத்தாசலத்துக்கு அருகே மணக்கொல்லையைச் சேர்ந்த கண்மணி குணசேகரன், 'அஞ்சலை' நாவலில் முந்திரிக்காட்டுச் சனங்களின் பேச்சை அப்படியே கொண்டுவந்தார். அதோடு நிற்காமல் 'நடுநாட்டுச் சொல்லகராதி' என்று இந்த வட்டாரச் சொற்களைத் தொகுத்தும் கொடுத்திருக்கிறார். ஆயிரம் புத்தகத் தமிழ்ச் சொற்கள் தெரிந்தாலும், உங்கள் அம்மா ஒரு பொருளுக்குச் சொல்லும் சொல் கதையில் செய்யும் வேலையை அவை செய்யாது.

இனி உத்திகளுக்கு வருவோம். உவமையும் உருவகமும் உங்களுக்குப் பள்ளியிலேயே தெரியும். 'போல' என்று சொல்லி ஒப்பிட்டால் உவமை, ஒன்றை இன்னொன்றாகவே சொல்லிவிட்டால் உருவகம். கண்டுபிடிப்பது எளிது. அதோடு நிறுத்தாமல், ஏன் இந்தப் பொருளோடு ஒப்பிட்டார் என்று கேளுங்கள். மீனவர் வீட்டுக் கதையில் வரும் உவமை வலையிலிருந்தும் உப்புக் காற்றிலிருந்தும் வந்தால் அந்த வீட்டுக்குள் இருக்கிறோம். பனிமலையிலிருந்து வந்தால் எழுத்தாளர் வெளியே நிற்கிறார்.

குறியீடு (ஒரு பொருள் தன்னைத் தாண்டி இன்னொன்றையும் உணர்த்துவது) கொஞ்சம் கடினம். இங்கேதான் 'எனக்குப் புரியவில்லை' என்ற பயம் வருகிறது. மௌனியைப் படிக்கும்போது கட்டாயம் வரும். மொத்தமே இருபத்துச் சொச்சம் கதைகள்தான் எழுதினார். புதுமைப்பித்தன் அவரைத் தமிழ்ச் சிறுகதையின் திருமூலர் என்றார். 'அழியாச்சுடர்' கதையில் ஒரு நண்பன் தன் பழைய அனுபவத்தைச் சொல்கிறான். வருடங்களுக்கு முன் கோயிலில் ஒரு பெண்ணைப் பார்த்ததும், அவளிடம் சொன்ன ஒரு சொல்லும், தூணில் இருந்த யாளி தன்னை மிரட்டி எழுந்ததுபோல் தோன்றியதும். அவன் வீட்டு ஜன்னலுக்கு வெளியே இலையில்லாத ஒரு மரம் நிற்கிறது.

யாளிக்கு என்ன அர்த்தம்? ஒரே சொல்லில் விடை தேடாதீர்கள். குறியீடு விடுகதை இல்லை. மாற்றிப் பாருங்கள்: யாளியை எடுத்துவிட்டு, அவன் 'பயந்துபோனேன்' என்று மட்டும் சொன்னால்? பயம் ஒரு சொல்லாகிப் போய்விடும். கல் எழுந்து நின்றது என்னும்போது அவன் சொன்ன சொல்லின் கனம் அவனுக்கு வெளியே ஒரு உருவம் எடுக்கிறது. சிதம்பரம் பக்கத்துக் கோயில் மண்டபங்களில் விளக்கு மங்கிய நேரத்தில் யாளித் தூணுக்கு முன் நின்றிருக்கிறீர்களா? அந்த அனுபவம் இருந்தால் மௌனி உங்களுக்குத் தூரத்து ஆள் இல்லை.

எல்லாக் குறியீடும் இவ்வளவு இருட்டாக இருக்காது. 'அக்கினிப் பிரவேச'த்தில் காரில் அவன் அந்தப் பெண்ணுக்கு ஒரு சூயிங்கம் கொடுக்கிறான். வீடு வந்த பிறகும் அவள் அதை மென்றுகொண்டிருக்கிறாள், அம்மா துப்பச் சொல்கிறாள். ஒரு மிட்டாய்ச் சமாசாரம்தான். அது நுழைந்த விதமும் வெளியேறிய விதமும் கதையை முழுதாகச் சொல்லிவிடுகின்றன. ஒரு சின்னப் பொருள் கதையில் இரண்டாம் முறை வந்தால் அங்கே நின்று பாருங்கள்.

முரண்நகை (சொல்வதற்கும் உணர்த்துவதற்கும், எதிர்பார்ப்பதற்கும் நடப்பதற்கும் இடையே உள்ள முரண்) புதுமைப்பித்தனின் கைவாள். 1934-இல் எழுதிய 'பொன்னகரம்' கதையின் தலைப்பைப் பாருங்கள். பொன்னான நகரம். உள்ளே இருப்பது சாக்கடை ஓரச் சந்து, ஆலை வேலைக்குப் போகும் அம்மாளு, அடிபட்டுக் கிடக்கும் குதிரை வண்டிக்காரக் கணவன். அவனுக்குப் பால் கஞ்சி வேண்டும். கையில் காசில்லை. இரவில் ஒருவனோடு இருளுக்குள் போய் முக்கால் ரூபாய் சம்பாதிக்கிறாள்.

தலைப்பை 'ஏழைகள்' என்று மாற்றிப் பாருங்கள். கதை நம்மிடம் இரக்கம் கேட்கும், நாமும் இரக்கப்பட்டுவிட்டு நல்லவர்களாக எழுந்து போவோம். 'பொன்னகரம்' என்ற தலைப்பு அப்படிப் போகவிடாது. கற்பு கற்பு என்று பேசுகிறவர்களை நோக்கிக் கதையின் முடிவில் எழுத்தாளர் திரும்பும்போது, குற்றவாளிக் கூண்டில் அம்மாளு இல்லை, நாம் நிற்கிறோம். ஒழுக்கம் கெட்ட கதை என்று யாராவது சொன்னால், அவர் சம்பவத்தை மட்டும் படித்துவிட்டுத் தொனியை (எழுத்தாளர் எந்தக் குரலில் சொல்கிறார் என்பதை) விட்டுவிட்டார் என்று பொருள். தொனியைத் தவறவிட்டால் கதையைத் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் அபாயம் உண்டு. எழுத்தாளர்களை வைத்து நம் ஊரில் மூளும் பல சண்டைகள் இந்த ஒரு தவற்றிலிருந்து பிறப்பவை.

அங்கதம் (சிரிக்கவைத்துக் குறையைக் காட்டுவது) இதன் நெருங்கிய உறவு. புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் கடவுள் சென்னைக்கு வந்து திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார். கந்தசாமிப் பிள்ளை அவரைத் தம் பத்திரிகைக்குச் சந்தா சேர்க்கப் பார்க்கிறார். சிரித்துக்கொண்டே படிப்போம். நகரத்தில் பிழைக்கக் கடவுளுக்கே வழியில்லை என்பது பிறகுதான் உறைக்கும்.

கடைசியாகக் கதைக்கரு. கதையின் நீதிதான் கதைக்கருவா? பலர் அப்படி எழுதுகிறார்கள். நீதி என்பது கட்டளை. கதைக்கரு பெரும்பாலும் ஒரு கேள்வி. புதுமைப்பித்தனின் 'சாபவிமோசன'த்தில், சாபம் நீங்கி வாழும் அகலிகையிடம் சீதை தான் தீக்குளித்ததைச் சொல்கிறாள். தன்னை மீட்ட அதே இராமன்தான் இதைக் கேட்டான் என்று அறிந்ததும் அகலிகை மறுபடி கல்லாகிறாள். இதற்கு என்ன நீதி எழுதுவீர்கள்? எழுத முடியாது. 'ஒருத்திக்குக் கொடுத்த மன்னிப்பு இன்னொருத்திக்கு ஏன் இல்லை?' என்று கேள்வியாக எழுதலாம். கதைக்கருவை எழுதச் சொன்னால் கேள்விக்குறியில் முடியும் ஒரு வாக்கியத்தை முதலில் எழுதிப் பாருங்கள், பிறகு அதை விடையாக விரியுங்கள்.

"எழுத்தாளர் இத்தனையும் யோசித்தா எழுதினார்?" இந்தச் சந்தேகம் நியாயமானது. சில இடங்களில் யோசித்திருப்பார், ஜெயகாந்தன் நாவலாக மாற்றி எழுதியதே சாட்சி. சில இடங்களில் கை தானாகப் போயிருக்கும். நமக்கு அது பெரிய விஷயமில்லை. தாளில் இருப்பதைக் காட்டி நீங்கள் பேசும்வரை உங்கள் வாசிப்பு செல்லும். தாளில் இல்லாததைச் சொன்னால் செல்லாது.

"இப்படிப் பிரித்துப் பார்த்தால் ரசனை கெட்டுவிடாதா?" முதல் வாசிப்பிலேயே பிரித்தால் கெடும். அதனால் முதல் தடவை கதைக்கு உங்களை ஒப்புக்கொடுத்துவிடுங்கள். எங்கே தொண்டை அடைத்தது, எங்கே கோபம் வந்தது என்று மட்டும் நினைவில் வையுங்கள். இரண்டாம் தடவை பென்சிலோடு அந்த இடத்துக்கே போங்கள். அங்கே எதை மாற்றினால் அந்த உணர்வு காணாமல் போகும் என்று பாருங்கள்.

பிள்ளையின் விடைத்தாளுக்கு இது எப்படிப் பயன்படும்? "கௌரிப் பாட்டி நெய்வேலிக்குத் திரும்பினாள்" என்பது சுருக்கம். "ஆசாரத்தை வாழ்நாள் முழுதும் சுமந்த பாட்டியே நெய்வேலிக்குத் திரும்புவதால், மாற்றம் வெளியிலிருந்து வராமல் பழைய தலைமுறைக்குள்ளிருந்தே வருவதை ஆசிரியர் காட்டுகிறார்" என்பது விளக்கம். நடந்தது, அது கதையில் செய்யும் வேலை. இந்த இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்துவிட்டால் போதும். விடை நீளவேண்டிய அவசியமே இல்லை.

எதில் தொடங்குவது? 'பொன்னகர'த்தில் தொடங்குங்கள், சில பக்கம்தான். அடுத்து 'மனித யந்திரம்'. பிறகு 'யுகசந்தி'. இந்தப் பக்கத்து மனிதர்களையும் ஊர்களையும் பார்த்துக்கொண்டே படிக்கலாம். மௌனியைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், அவரை மட்டும் மூன்று தடவை படியுங்கள். புதுமைப்பித்தனின் எழுத்துகள் 2002-இல் நாட்டுடைமை ஆகிவிட்டதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, மலிவுப் பதிப்புகளும் உண்டு. மற்றவர்களை நூலகத்தில் கேளுங்கள். கையில் நூலக அட்டை இல்லையென்றால் முதலில் அதற்கு மனு எழுதிப் போடுங்கள்.